செல்லக்கனி அக்காவும் நாற்பத்தெட்டுப் பொட்டலங்களும்

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் பாடவேளை. ஏழாம் வகுப்பில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி ஆயா மாரியம்மாள் வாசலில் வந்து நின்றாள். எப்போதும் நேரே உள்ளே வருபவள் அன்று வரவில்லை. நான் எழுந்து வெளியே போனதும், "சயன்ஸ் டீச்சரம்மா போயிட்டாவம்மா" என்றாள்.

"யார் சொன்னது? யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

"நாந்தாம்மா பாத்தேன். அவிய வீட்டு வழியாத்தானே வாரேன். அவிய அண்ணாச்சி கடையைப் பூட்டிட்டு வாசல்ல நிக்காவ."

கேட்டு முடித்த பிறகுதான் அந்த இரண்டு கேள்விகளும் என்னுடையவை அல்ல என்பது உறைத்தது. மருந்து, டானிக், லேகியம் என்று எதைப் பற்றி எவர் வந்து சொன்னாலும் செல்லக்கனி அக்கா முதலில் கேட்பவை அவை. அவர் இறந்த செய்தியையும் அவருடைய கேள்விகளால்தான் சோதித்திருக்கிறேன். தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஐந்து நாள் காய்ச்சல், மார்ச்சளி. நாற்பத்தாறு வயது. பதினான்கு வருஷமாக அவருடைய மூட்டுகளை வாட்டிய நோய் அவரைக் கொண்டுபோகவில்லை என்பதில் எனக்கு ஒரு விசித்திரமான திருப்தி உண்டு. அதனிடம் அவர் கடைசி வரை தோற்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் பெண்கள் பள்ளியில் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். சிலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். கரும்பலகையில் அவர் எழுதப் பயன்படுத்திய அந்தப் பருத்த மரப்பிடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'டீச்சர் உலக்கையால் எழுதுகிறார்கள்' என்று நீங்கள் கேலி பேசியதும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்தப் பிடி எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கதைக்குள் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதைச் செய்தது நான் என்று அக்கா எவரிடமும் சொல்லவில்லை. இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தபோது வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் நான் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது. செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்த குடும்பம். அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ள, தங்கை பாளையங்கோட்டை வரை போய்ப் படித்து விஞ்ஞான ஆசிரியை ஆனார். நான் தாமிரபரணிக் கரையின் நெல்வயல் ஊரிலிருந்து சென்னைக்குப் போய்ப் படித்தவள். முதல் நாளே என்னைப் பார்த்து, "ஏளா கோமதி, நீ மெட்ராஸ்ல படிச்சேங்கிறதை மத்தியானத்துக்குள்ள மறந்துரு. இங்கன பிள்ளைய ஒன்னை வறுத்துப்புடுவாளுவ" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை, அவர் கையிலிருந்து சாக்பீஸ் நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. அந்த வாரத்திலேயே இரண்டு மணிக்கட்டும் வீங்கின. பிறகு விரல் கணுக்கள், முழங்கால்கள். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு உடம்பு மரக்கட்டை. ஆஸ்பத்திரி டாக்டர் நீளமான ஓர் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். "எதனால் வருகிறது?" என்று அக்கா கேட்டார். "எங்களுக்குத் தெரியாதம்மா" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நான் அழத் தயாராக இருந்தேன். அக்காவின் முகம் தெளிவாக இருந்தது. "தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு இவருதான் கோமதி. நாம இவருகிட்டயே வருவோம்" என்றார். குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "வெளிய இருந்து எவனும் வந்து அடிக்கல. வீட்டு நாயே கடிக்குத மாதிரி இருக்கு. நாயைப் பத்தி யாருகிட்ட போய்ச் சொல்ல?" என்றார். தம் நோயைப் பற்றி அவர் இதற்கு மேல் புலம்பியதாக எனக்கு நினைவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? முடக்கத்தான் ரசம், பிரண்டைத் துவையல், யாரோ ஒருவரின் மாமியாரை எழுந்து நடக்க வைத்த சூரணம், துறைமுகக் கம்பெனிக் குமாஸ்தாவின் வீட்டில் மீந்த சீமை டானிக். வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு சீசாவோடு வந்தார்கள். அக்கா ஒருவரையும் விரட்டியதில்லை. உட்காரவைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "சொன்னது யாரு? பாத்தது யாரு?" என்று தொடங்குவார். பெரும்பாலான சீசாக்களின் கதை அந்தக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் அவர் தள்ளிவிடவும் இல்லை. யுத்தத்தில் கப்பல் போக்குவரத்து குறைந்து சீமை மீனெண்ணெய் கிடைக்காமல் போனபோது, நம் பக்கத்துச் சுறா எண்ணெய் வந்தது. உடம்பு இளைத்திருக்கிறது, தினமும் ஒரு கரண்டி குடியுங்கள் என்று டாக்டர் சொன்னார். சீசாவை வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. சைவக் குடும்பத்தில் பிறந்த நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வண்டியில் வருவேன். "எண்ணெய் குடிக்கப்போறது நானு. மூஞ்சியைச் சுளிக்குதது நீயா?" என்று கேட்டுவிட்டு ஒரே மடக்கில் குடிப்பார். பலன் இருக்கிறதா என்று கேட்டால், "ஒடம்புக்கு இருக்கு, கைக்கு இல்ல. கைக்குன்னு சொல்லி எவனும் விக்கவும் இல்லையே" என்பார். எது எதற்காக என்பதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை.

யுத்தம் கடுமையாக இருந்த அந்த வருஷம்தான் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, கரும்பலகையில் எழுத முடியாத ஆசிரியையை எத்தனை நாள் வைத்திருப்பது என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள், பங்குனி வரை பார்க்கலாம் என்றார். நயமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அந்த வகுப்பறைதான் அவருக்கு எல்லாம். அன்று ஆசிரியைகள் அறையில் அவர் தம் வலது கையை மேஜைமேல் வைத்து, அடுத்தவர் வீட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் முத்து பஸ்பம் வந்தது.

அக்காவின் மதினி பேச்சியம்மாளை உங்களில் பலர் கடையில் பார்த்திருப்பீர்கள். அண்ணாச்சியின் மனைவி. உரத்த குரல், அதைவிடப் பெரிய மனசு. விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு வைத்தியர் முத்தை நீற்றிப் பஸ்பம் செய்கிறார், ஒரு மண்டலம் தேனில் சாப்பிட்டால் விரல் நிமிரும் என்று அவர் கேள்விப்பட்டார். முத்துக்கு எங்கே போவது? பல வருஷமாக முத்துக் குளிக்கும் சலாபமே நடக்கவில்லை. கடலில் சிப்பி இல்லை. இந்த ஊரில் முத்து என்றால் பெண்களின் கழுத்தில் கிடப்பதுதான். மதினி தம் தாய் கொடுத்த சிமிழில் இருந்த பொடி முத்துக்களை, அக்காவிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அண்ணாச்சியிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். இருபத்துநான்கு நாளுக்கான பஸ்பம் வந்தது. மண்டலத்துக்கு நாற்பத்தெட்டு நாள் வேண்டும். மீதிக்குத் தம் கல்யாணத்தில் போட்ட முத்து அட்டிகையை உடைப்பது என்று மதினி முடிவு செய்திருந்தார்.

டாக்டரின் மிக்ஸ்சர் மருந்தை நிறுத்திவிட்டுத்தான் பஸ்பம் சாப்பிட வேண்டும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா மறுத்துவிட்டார். "மத்த மருந்தை நிப்பாட்டச் சொல்லுதவனுக்கு அவன் சரக்கு மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்" என்றார். ஆனால் அட்டிகையின் விஷயம் அவரைத் தூங்கவிடவில்லை. வேண்டாம் என்றால் மதினியின் மனம் புண்படும். சரி என்றால் ஒரு பெண்ணின் கல்யாண நகை சாம்பலாகும். பங்குனி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பலிக்கும் என்றால் அவருக்கும் வேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்கும் ஆரோரூட் மாவு வாங்க வேண்டும். பஸ்பத்தைப்போலவே இருபத்துநான்கு பொட்டலம் மடிக்க வேண்டும். முதல் இருபத்துநான்கு நாள் ஒன்று, அடுத்த இருபத்துநான்கு நாள் மற்றது. எது முதலில் என்று நான் சீட்டுப் போட்டு முடிவு செய்து, ஒரு காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டி அவர் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பொட்டலங்கள் என்னிடமே இருக்கும். ஆறு நாளைக்கு ஒருமுறை ஆறு பொட்டலம் கொண்டுபோய் மதினியிடம் கொடுக்க வேண்டும். அவர் தேனில் குழைத்துக் கொடுப்பார். எது எது என்று என்னைத் தவிர எவருக்கும் தெரியக் கூடாது.

மதினி கொதித்துப்போனார். "மருந்துல போயி மாவைக் கலப்பாளாளா எவளாவது? அண்ணாச்சி கடையில கலப்படம்னு ஊரு சிரிக்கும்!"

"கலக்கல மதினி. மாத்தி மாத்தி. முத்து நெசமாவே வேலை செஞ்சுதுன்னா அந்த நாள்ல கை தனியாத் தெரியும்லா? தெரிஞ்சுதுன்னா நானே உங்க கழுத்துல இருந்து கழட்டி வாங்கிக்கிடுதேன்."

அது சத்தியம் மாதிரி இருந்ததால் மதினி ஒப்புக்கொண்டார்.

கையின் பலத்தை அளக்க அக்கா கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒரே துண்டு. தினமும் காலை ஆறரை மணிக்கு அதை வாளியில் முக்கி எடுத்து, இருபது எண்ணும் வரை சொட்டவிட்டு, ஒரு கிண்ணத்தில் பிழிய வேண்டும். பிழிந்த நீரைப் பள்ளி ஆய்வுக்கூடத்து அளவு ஜாடியில் ஊற்றி, எத்தனை அவுன்ஸ் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தலைமையாசிரியையிடம் சொல்லித்தான் ஜாடியை எடுத்து வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க முதல் நாள் எங்களையும் பிழியச் சொன்னார். எனக்கு ஒன்பது அவுன்ஸ் வந்தது. மதினிக்குப் பதினொன்று. "துண்டைப் பிழியச் சொன்னா கோழிக் கழுத்தைத் திருகுதியளே மதினி" என்றார் அக்கா. அவருக்கு வந்தது மூன்று.

சீட்டில் மாவு முதலில் விழுந்தது.

பன்னிரண்டாம் நாள் நான்கு அவுன்ஸ். பதினெட்டாம் நாள் ஆறு. நான் ஒவ்வொரு முறை பொட்டலம் கொண்டுபோகும்போதும் மதினி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார். "பாத்தியா? முத்துன்னா முத்துதான்! நேத்து அவளே தலை பின்னிக்கிட்டா." நான் தலையை ஆட்டுவேன். என் கையில் இருந்தது கஞ்சி மாவு என்று எனக்கு மட்டும் தெரியும். இருபதாம் நாள் சும்மா பார்த்துவிட்டு வரப் போனபோது மதினியின் கழுத்து வெறுமையாக இருந்தது. அட்டிகையை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து மேஜைமேல் வைத்திருந்தார். அண்ணாச்சி மறுநாள் காலை பஸ்ஸில் விளாத்திகுளம் போவதாக ஏற்பாடு. அக்கா இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை.

"நாற்பத்தெட்டு நாள் முடியட்டும் மதினி."

"என்னத்துக்கு முடியணும்? அதான் கண்ணாலயே தெரியுதே."

"அக்கா சொன்னது நாற்பத்தெட்டு நாள்."

"ஒனக்கு அவ கை சரியாகுததுல இஷ்டம் இல்லையாளா?"

உண்மை என் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் அக்காவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் அட்டிகை போய்விடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மஞ்சள் முடிச்சை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, அக்கா வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மதினி என்னை ஏசிய ஏச்சில் தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா வந்து, நடந்ததைக் கேட்டு, முடிச்சை வாங்கித் தம் பெட்டியில் அந்த உறைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டினார். என் முகத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்திருக்கிறார்.

இருபத்துநான்காம் நாள் ஏழு அவுன்ஸ். இருபத்தைந்தாம் நாளிலிருந்து நான் கொடுத்தது முத்து.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து அவுன்ஸ், நான்கு. முப்பத்திரண்டாம் நாள் இரண்டரை. மறுபடியும் கணுக்கள் சிவந்து வீங்கின. மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. முப்பத்தாறாம் நாள் நான் போனபோது மதினி டம்ளரைப் பிடித்துக் காப்பி புகட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "இன்னைக்குத் துண்டுதான் என்னைப் பிழிஞ்சுது கோமதி" என்றார்.

என் பையில் அடுத்த ஆறு பொட்டலங்கள் இருந்தன. முத்து. அவற்றை எடுக்காமல், வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போனேன். வீட்டுக்குப் போய்ப் பழைய டப்பாவில் மீந்திருந்த மாவை எடுத்தேன். புதிதாகப் பொட்டலம் மடித்தேன். அடுத்த பன்னிரண்டு நாளும் அவருக்கு மாவையே கொடுத்தேன்.

இதுதான் என் தவறு. ஏன் செய்தேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். முத்து அவருக்குக் கெடுதல் செய்கிறது என்று பயந்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. முழு உண்மை இன்னும் வெட்கக்கேடானது. என் கையால் வாங்கி, என் கையால் சலித்து, ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரிந்த அந்தக் கஞ்சி மாவு அவரைக் குணப்படுத்தும் என்று நான் நம்பினேன். அதைச் சாப்பிட்டபோது நன்றாக இருந்தாரே! மறுபடியும் கொடுத்தால் மறுபடியும் நன்றாகிவிடுவார் என்று நினைத்தேன். பி.ஏ. படித்தவள் நான்.

கை ஏறவில்லை. இரண்டு, இரண்டரை, இரண்டு.

நாற்பத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சியும் கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா உறையைப் பற்களால் கிழித்துக் காகிதத்தை எடுத்தார். "மொத இருபத்துநாலு நாள் மாவு. அடுத்த இருபத்துநாலு நாள் முத்து" என்று படித்தார். காலண்டர் தாளைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

மதினிதான் முதலில் பேசினார். அவருடைய குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. "அப்பம் என் முத்துதான் ஒன் கையை முடக்குச்சா? தேன்ல குழைச்சு நானே குடுத்தேனே, செல்லக்கனி."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் தவறு எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தரையில் சரிந்து உட்கார்ந்த மதினியைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயை மூட முடியவில்லை. பையிலிருந்து மிச்சமிருந்த பன்னிரண்டு முத்துப் பொட்டலங்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. "ரெண்டு மாசம், ஏளா. தெனம் காலையில அந்தத் துண்டைப் பிழியுததுக்கு எனக்கு உயிரு போச்சு" என்றார். பிறகு எங்கள் மூவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, காலண்டர் தாளோடு சன்னல் பக்கம் போய் நின்றார். அண்ணாச்சி இரண்டு முறை தொண்டையைச் செருமினார். திடீரென்று அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல குடுத்தது மாவு. கடைசியில குடுத்ததும் மாவு. ரெண்டும் ஒரே மாவுதானே?"

"ஒரே மாவுதான் அக்கா."

"ஒரே டப்பாவா?"

"ஒரே டப்பா."

"அப்பம் ஒரே மாவுக்கு ஒருக்க ஏழு அவுன்சு, ஒருக்க ரெண்டு அவுன்சு. மாவு மாறல. கைதான் அது பாட்டுக்கு ஏறியிருக்கு, அது பாட்டுக்கு எறங்கியிருக்கு." அவர் தரையில் மதினியின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். அவருக்கு அது எளிதல்ல. "மதினி, நல்லாருக்கையில நான் எதைத் தின்னேனோ அதுக்குப் பேரு வருது. மோசமா இருக்கையில எதைத் தின்னேனோ அதுக்குப் பழி வருது. ஒங்க முத்து ஒரு பாவமும் பண்ணல."

"அப்பம் முத்து வேலை செய்யாதா?"

"செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பன்னெண்டு நாள்தான தின்னுருக்கேன். ஆனா ஒங்க அட்டிகையை ஒடைக்குத அளவுக்கு அது எனக்கு ஒண்ணும் காட்டல."

அண்ணாச்சி மெதுவாக, "அப்பம் நான் விளாத்திகுளத்துக்குப் போகண்டாமா? பஸ்காரன்கிட்ட எடம் போட்டு வைக்கச் சொல்லிட்டனே" என்றார். மதினி அழுதுகொண்டே, "போயி வைத்தியருக்கு ஆரோரூட்டு மாவு குடுத்துட்டு வாரும்" என்றார். அதற்கு மேல் எவராலும் அழ முடியவில்லை.

பிறகு அக்கா பெட்டியைத் திறந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார். மதினியைத் திரும்பி உட்காரச் சொல்லி, அட்டிகையைக் கழுத்தில் வைத்துக் கொக்கியை மாட்டத் தொடங்கினார். அந்தக் கொக்கி ஓர் அரிசி அளவு இருக்கும். விரல்கள் நழுவின. நான் உதவிக்குப் போனேன். "நீ ஒதவுனது போதும்" என்றார். நழுவியது, பிடித்தார், மறுபடி நழுவியது. மதினி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கொக்கி மாட்டியது. மதினி கையைப் பின்னால் கொண்டுபோய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் என்னை இழுத்துக்கொண்டு தோணி கட்டும் கரைக்குப் போனார். "கை மாறாது போல இருக்கு. பிடியை மாத்திப் பாப்போம்" என்றார். பூவரசங்கட்டையை இழைத்துக்கொண்டிருந்த ஓர் ஆசாரியிடம், தம் உள்ளங்கைக்கு அடங்கும் பருமனில் ஒரு பிடி வேண்டும், அதன் முனையில் சாக்பீஸ் நுழையத் துளை வேண்டும் என்றார்.

"எதுக்கும்மா? சுத்தியலுக்கா?"

"எழுதுததுக்கு."

ஆசாரி அவர் கையைப் பார்த்தார். ஒரு கயிற்றை அவர் உள்ளங்கையில் வைத்து அளந்து, அங்கேயே செதுக்கிக் கொடுத்தார். அக்கா விரலால் எழுதுவதை விட்டுவிட்டு, தோளிலிருந்து முழுக்கையால் எழுதப் பழகினார். மார்கழி முழுவதும் பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் பழகினார். எழுத்து பெரிதானது, வட்டமானது. பங்குனியில் தலைமையாசிரியையும் நிர்வாகத்தைச் சேர்ந்த இருவரும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா பூவின் குறுக்குவெட்டை வரைந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதினார். எழுந்து போகும்போது வந்தவர்களில் ஒருவர், "இந்த ஸ்கூல்ல இங்க வரைக்கும் தெரியுத எழுத்து இதுதான்" என்றார். வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் எழுத்தையே பாராட்டியதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர் அந்தப் பிடியால் எழுதினார். காய்ச்சல் வந்து படுத்த அந்த வியாழக்கிழமை வரை.

துண்டுக் கதை ஊரில் பரவியது. என் பெயரை மட்டும் எடுத்துவிட்டுத்தான் அவர் சொல்வார். 'சோதனை நடுவுல கெட்டுப்போச்சு, கெட்டதும் நல்லதாப் போச்சு' என்பார். சீசாக்களோடு வந்தவர்கள் இப்போது கேள்விகளோடு வந்தார்கள். அதே நோய் உள்ள ஒரு குமாஸ்தாவின் மனைவி, கப்பலில் வந்த சீமை வைட்டமின் எண்ணெயை வேகமாகக் குணமாக வேண்டும் என்று, டாக்டர் சொன்ன அளவைப்போலப் பல மடங்கு குடித்து வந்தார். வாந்தி, தீராத தாகம். அவர் பார்க்க வந்தபோது அக்கா சீசாவை வாங்கிப் படித்துவிட்டு, அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண் தேறிவிட்டார். "தெம்புக்குத்தானேன்னு குடிச்சேன்" என்று அந்த அம்மாள் சொன்னபோது அக்கா, "பலன் செய்யுத சக்தி இருக்குன்னு நம்புதோம்லா, அப்பம் கெடுக்குத சக்தியும் இருக்கும்னு நம்பணும்" என்றார். இதை நான் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் பெண்கள் கூடியிருந்தோம். தூரத்து உறவுக்காரி ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "அப்பமே அந்த முத்து பஸ்பத்தை முழுசாத் தின்னுருந்தான்னா இன்னும் இருந்திருப்பா. பிடிவாதக்காரி" என்றாள்.

மதினி நிமிர்ந்தார். கழுத்தில் அட்டிகை இருந்தது.

"சொன்னது யாரு?" என்று கேட்டார். "பாத்தது யாரு? எங்க செல்லக்கனி தின்னு பாத்தா, துண்டைப் பிழிஞ்சு பாத்தா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். நீ என்னத்தளா பாத்த?"

நான் அழுததும் அப்போதுதான். துக்கத்தால் மட்டும் அல்ல. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மதினியின் வாயில் அந்தக் கேள்விகளைக் கேட்டபோது, அக்காவின் ஆகச் சிறந்த மாணவி நாங்கள் எவரும் அல்ல என்று தெரிந்தது.

மரப்பிடியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். அது அங்கேதான் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு பிஸ்கட் டப்பா. அதில் பன்னிரண்டு பொட்டலங்கள் இருக்கின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை நான் திருப்பிக் கொடுத்தபோது அக்கா வாங்கவில்லை. "நீயே வச்சுக்க" என்றார். அவ்வளவுதான். கோபமா, மன்னிப்பா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. எவராவது ஒரு மருந்தைப் பற்றி, ஒரு மனிதரைப் பற்றி, ஒரு செய்தியைப் பற்றி அடித்துச் சொல்லும்போது நான் அந்தப் பொட்டலங்களை நினைத்துக்கொள்கிறேன். அப்படிச் சொல்வது நானாக இருந்தால், டப்பாவைத் திறந்தே பார்க்கிறேன்.